கதவைத்தானே கழட்டினேன்

சாமான் வண்டி தெருமுனையில் திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கணவன் முன்னால் ஓடினான். அவள் மட்டும் நனைந்தபடி நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தாள். புது வீடு என்று அவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். இருவரின் வயதையும் கூட்டினாலும் எட்டாத பழைய வீடு அது. ஒன்றோடொன்று தோள் இடித்து நிற்கும் வரிசை வீடுகளில் நடுவில் இருந்தது. கீழே கூடமும் சமையலறையும், மேலே எதிரெதிராக இரண்டு அறைகளும்.

அந்த வட்டாரத்தில்தான் அவள் பேருந்து ஓட்டினாள். ஒரு நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் பேசும் மொழி அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்களுக்குப் புரியாது. கடைப் பலகைகளில் அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளே அதிகம். எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதால் யாரும் யாரையும் ‘நீ எங்கிருந்து வந்தாய்’ என்று கேட்பதில்லை. இருந்தால் இங்கேதான் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்து வெகுநாளாகிவிட்டது. வாடகை வீடுகளில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தே காலம் கழித்தவள் அவள்.

வீட்டைப் பிடித்துக் கொடுத்தது அவளுடைய அண்ணன். வீட்டுத் தரகு அவன் தொழில். இடுப்பில் எப்போதும் சாவிகள் குலுங்குவதால் வட்டாரத்தில் அவனுக்கு ‘சாவிக்கொத்து’ என்று பெயர். வீட்டின் சொந்தக்காரர் எங்கோ தூரதேசத்தில் இருந்தார். விற்றுத் தரும் பொறுப்பு முழுக்க அண்ணனுடையது.

முதல் தடவை வீடு பார்க்க வந்தபோது மாடியில் ஒரு கிழவி குடியிருந்தாள். துணிகளைப் பிரித்துத் தைத்துத் தேய்த்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. எந்த ஊர்க்காரி, என்ன மொழி, எதுவும் தெரியவில்லை. இவர்கள் படியேறி வருவதைப் பார்த்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டாள்.

“இந்தம்மா இருந்தா நாங்க எப்படிண்ணா வர்றது? எப்படியாவது காலி பண்ணிக் கொடு.”

“அதுல நீ தலையிடாத. நான் பாத்துக்கறேன்.”

குளிர்காலம் முடியும்போது அண்ணன் வந்து சாவியைக் கையில் போட்டான். “கிழவி பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா” என்றான். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கும் வசதியாக இருந்தது.

இப்போது மெத்தையோடு படியேறிய கணவன் மேலிருந்து கூப்பிட்டான். “இங்க ஒரு ரூமுக்குக் கதவே இல்லையே.”

கிழவி இருந்த அறை. நிலையில் கீல்கள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே வெறுந்தரை, ஜன்னல், ஒரே ஒரு மர நாற்காலி. நாற்காலி வாசலைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டி வைத்தால் எழும் வாசனை அங்கே லேசாக வீசியது.

அண்ணனுக்கு போன் போட்டாள். “பழுது பாக்கக் குடுத்திருக்கேன், வந்துடும்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்து பார்த்தால், அது மறுபடி வாசலைப் பார்த்து இருந்தது. கணவனைக் கேட்டாள். அவன் மருந்துக்கடையில் வேலை செய்பவன். எதையும் தலைவலி மாத்திரை போல இலேசாக விழுங்கிவிடுவான்.

“நான் அந்த ரூம் பக்கமே போகல. தரை சாய்வா இருக்கும், நகர்ந்திருக்கும்.”

“நகர்றது சரி. திரும்புமா?”

“பழைய வீடு. உங்க அத்தை மாதிரி, எந்தப் பக்கம் உக்கார வெச்சாலும் வாசலைத்தான் பாப்பாங்க.”

அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து மாடிப்படி ஏறும்போதெல்லாம், கடைசிப் படிக்கு வரும் முன்பே, யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது முகத்தில் உறைத்தது. கோபமான பார்வைகூட இல்லை. காவல் இருக்கிற பார்வை. வருவது யார், எதற்கு வருகிறார்கள் என்று இமைக்காமல் பார்க்கிற பார்வை.

அந்த வாசலை மறைத்தாவது வைப்போம் என்று பழைய போர்வை ஒன்றை எடுத்து நிலையில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். சமையலறைக்குப் போய் அடுப்பில் வைத்த பாலை இறக்கிவிட்டு மேலே வந்தாள்.

போர்வை நிலையில் இல்லை.

நாற்காலியின்மேல் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்புகள் கத்தி போல் நேராக இருந்தன.

தொட்டுப் பார்த்தாள்.

துணி சூடாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் முன்னறையையே முடிதிருத்தும் கடையாக்கி வைத்திருந்தாள். வேறு நாட்டுக்காரி. இருவரும் பேசிக்கொண்டது ஊரின் பொதுமொழியில். இரண்டு பேருக்குமே அது அரைகுறை. அதனால் சுற்றிவளைக்கத் தெரியாமல் நேராகத்தான் பேசிக்கொள்வார்கள்.

“மேல இருந்த அம்மா உன்னை ஒண்ணும் பண்ணலையா?” என்று கேட்டாள் அந்தப் பெண், சீப்பிலிருந்து முடியை உருவிக்கொண்டே.

“அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்களே.”

“யார் சொன்னா? அவங்களுக்குப் பொண்ணும் இல்ல, பிள்ளையும் இல்ல.”

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பெண் சொன்னாள். குளிர் உச்சத்தில் இருந்தபோது சாவிக்கொத்து வந்து கிழவியின் அறைக் கதவைக் கழற்றிக்கொண்டு போனான். ரிப்பேர் என்றான், திருப்பிக் கொண்டுவரவே இல்லை. பிறகு வேலையாட்களை அனுப்பினான். முன்பின் தெரியாத ஆண்கள் பகலெல்லாம் படியேறுவதும் இறங்குவதும், உள்ளே எட்டிப் பார்ப்பதும், சிரிப்பதுமாக இருந்தார்கள். கிழவி ஒரு படுக்கைவிரிப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். அதையும் யாரோ உருவிப் போட்டார்கள். அதற்கப்புறம் அவள் படுக்கவே இல்லை. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மடியில் இஸ்திரிப் பெட்டியோடு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டுக் காற்று நேராக அவள்மேல்தான் அடிக்கும்.

“எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். கதவில்லாத வீட்டை விட்டுட்டு எப்படி வர்றதுன்னாங்க. ஒருநாள் காலையில கஞ்சி கொண்டுபோனேன். உக்காந்தபடியே இருந்தாங்க. கண்ணு மட்டும் திறந்திருந்துச்சு. மூடப் பாத்தோம். மூட முடியல.”

வீட்டுக்குத் திரும்பிய அவள் வாசற்படியிலேயே நின்று அண்ணனை போனில் கூப்பிட்டாள்.

“அந்தம்மா செத்துட்டாங்கன்னு ஏன்ணா சொல்லல?”

“சொன்னா வாங்கியிருப்பியா?”

“கதவைக் கழட்டினியா?”

“கதவைத்தானே கழட்டினேன்? கழுத்தையா கழட்டினேன்? அவ மேல ஒரு விரல் பட்டிருக்குமா, யாரை வேணா கேளு. காலி பண்ணிக் கொடுன்னு சொன்னது நீ. இப்ப நல்லவ வேஷம் போடாத.”

நாற்காலியையும் போர்வையையும் பற்றி மட்டும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன். உன் பேயை நானே பேசி அனுப்பி வைக்கிறேன். ஆள் இருக்கும்போதே அனுப்பினவன் நான்.”

சொன்னபடி வந்தான். நல்ல வெயில் நேரம். வயிறு நிறையச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, “எங்க உன் கிழவி?” என்று கேட்டுக்கொண்டே படியேறினான். சாவிகளின் குலுங்கல் மேலே போய் அந்த அறைக்குள் நுழைந்தது. தரையில் அவன் செருப்பு இரண்டு சுற்று நடந்தது.

பிறகு சாவிச் சத்தம் நின்றது.

“என்னடா இது” என்று அவன் குரல் கேட்டது. இன்னும் அதில் சிரிப்பு இருந்தது.

பிறகு உள்ளங்கையால் சுவரைத் தட்டும் சத்தம். ஓரிடத்தில். கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்தில்.

அவளும் கணவனும் மேலே ஓடினார்கள்.

அண்ணன் அறை நடுவில் இல்லை. சுவரோரமாக, குருடனைப் போல இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டே வந்தான். வாசலை நோக்கித்தான் வந்தான். வாசல் வந்தது. அவன் கைகள் நிற்கவில்லை. வெறும் காற்றின்மேல், அதுவும் சுவர்தான் என்பது போல, தட்டித் தட்டித் தடவிக்கொண்டே கடந்து போயின.

காற்றில் தட்டியபோதும் சத்தம் கேட்டது. செங்கல்லில் தட்டும் சத்தம்.

“அண்ணா. இங்க பாரு. இதோ இருக்கேன்.”

அவன் அவள் முகத்துக்கு நேரே பார்த்தான். கண்ணில் அவள் விழவில்லை.

“வாசல் எங்க?” என்றான் மெதுவாக. “யாராவது இருக்கீங்களா? வாசலை யார் அடைச்சது?”

கணவன் உள்ளே பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தான். கணவன் நிலையைத் தாண்டிவிட்டான். அண்ணனின் முகம் மட்டும் நிலையில் எதிலோ மோதியது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இழுத்த கையில் அவன் சட்டைக் கிழிசல்தான் மிஞ்சியது.

அந்த வாசனை அப்போது அறையை நிறைத்தது. ஈரத் துணி, சூடான இரும்பு. துணி கருகத் தொடங்கும் வாசனை.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அது இப்போது வாசலைப் பார்க்கவில்லை.

அண்ணனைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“அம்மா,” என்றாள் அவள், நிலையைப் பிடித்துக்கொண்டு. “அவனை விட்டுடுங்க. உங்க கால்ல விழறேன்.”

கிழவிக்குத் தமிழ் தெரிந்திருக்காது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொள்வதுபோல.

அண்ணனின் பற்கள் கிட்டித்துக்கொண்டன. வெயில் அடிக்கும் அந்த அறையில் அவன் வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. பின்பக்கமாகவே நகர்ந்தான். கையை முன்னால் நீட்டி, “கிட்ட வராத, கிட்ட வராத” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே நகர்ந்தான். அந்த அறையில் அவன் கண்ணுக்குத் தெரிந்த திறப்பு ஒன்றே ஒன்றுதான்.

ஜன்னல்.

அவன் சாகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் தினமும் போய்ப் பார்த்தாள். நர்ஸ் உள்ளே வரும்போதெல்லாம் போர்வையைக் கடித்துக்கொண்டு நடுங்கினான். ஒருநாள் அவளைக் கண்டதும் கேட்டான்.

“எல்லாரும் சுவத்துக்குள்ளேருந்து வர்றாங்க. ராவும் பகலும் வர்றாங்க. நான் தூங்கினா வந்துடுவாங்க. நீ எப்படி உள்ள வந்த? எந்தப் பக்கமா வந்த?”

அவள் திறந்திருந்த வார்டு வாசலைக் காட்டினாள். அவன் அந்தத் திசையைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினான். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. ஊசி போட்டும் மூடவில்லை என்றாள் நர்ஸ்.

அன்று மாலையே அவள் தச்சரை வரவழைத்தாள். அந்த அறைக்கு நல்ல கனமான மரக்கதவு போடச் சொன்னாள். உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். “யாரும் குடியில்லாத ரூமுக்கு உள்தாழ் எதுக்கும்மா?” என்று தச்சர் கேட்டார். அவள் தாழ்ப்பாள் வைக்க வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். வேலை முடிந்து அவர் போன பிறகு, கதவைத் தன் கையாலேயே மெல்லச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

சற்று நேரம் ஒன்றுமில்லை.

பிறகு உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்து விழுந்தது.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பயத்தாலா, பாரம் இறங்கியதாலா என்று அவளுக்கே தெரியவில்லை. அதன் பிறகு வீடு அடங்கியது. வாசனை இல்லை. படியில் அந்தப் பார்வை இல்லை. கணவன் மறுபடி அத்தையைப் பற்றிக் கிண்டல் பேச ஆரம்பித்தான். அந்த அறையை அப்படியே விட்டுவிடுவது என்று இருவரும் பேசாமலே முடிவு செய்துகொண்டார்கள். கிழவிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தாயிற்று, கணக்கு தீர்ந்தது என்று அவள் நம்பினாள்.

மழைக்காலம் போய்க் குளிர் தொடங்கிய முதல் வாரம். காலை ஷிப்ட் முடிந்து அவள் வீடு திரும்பினாள். கணவன் கடைக்குப் போயிருந்தான். ஒரு தூக்கம் போடலாம் என்று படியேறினாள்.

கிழவியின் அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது.

எதிரே, அவளுடைய படுக்கையறைக் கதவு கீல்களிலிருந்து கழற்றப்பட்டு, பக்குவமாகச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.