நடு ஆற்று மணல்

வேணியாற்றின் தென்கரையில் காரிநாட்டுப் படை பாசறை இறங்கியிருந்த அந்த மாசி மாதத்து அந்தியில், பெருங்கூடாரத்துக்குள் இருந்தவர்கள் நால்வர். கிழக்கு நோக்கிப் புலித்தோல் விரித்த ஆசனத்தில், நாட்டை ஆளும் வீரநாரணி தேவி வீற்றிருந்தாள். அவளுக்கு வலப்புறம், ஒரு முழம் தாழ்ந்த இருக்கையில், சேனை முழுமைக்கும் தலைவரான தண்டநாயகர் வயிரமேகர். இடப்புறம் யானைப்படைத் தலைவர் கோளரியார். அவருடைய பருத்த மேனியைச் சுமந்த பிரம்பாசனம் அவர் மூச்சு விடுந்தோறும் தானும் ஒருமுறை முனகியது. வாயிலை ஒட்டி, தடுக்கின்மேல் சம்மணமிட்டு, மடியில் ஓலைக் கட்டும் கையில் எழுத்தாணியுமாக ஓலைநாயகம் எயினன் சாத்தனார். ஒவ்வொருவர் முன்னும் ஒரு செப்புக் கிண்ணத்தில் நீர் இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

நடுவில் நான்கு வெண்கல விளக்குகள். மூன்று எரிந்தன. நான்காவது துடைத்துப் பளபளவென்றிருந்தது, புதுத் திரியும் இட்டிருந்தது, ஆனால் சுடரில்லை.

வாசகர்களே, அந்தத் தொடாத நீரையும் ஏற்றாத விளக்கையும் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கூடாரத்துக்கு வெளியே மேல்வானம் புண்பட்ட யானையின் மத்தகம் போலச் சிவந்து கறுத்துக்கொண்டிருந்தது. கீழ்வானில் எழுந்த நிலவின் ஒளி ஆற்றில் விழுந்து, உறையிலிருந்து பாதி உருவிய வாள் போல நெளிந்தது. நாணற் புதர்களில் அடைய வந்த நாரைகள், ஏனோ அன்று அடையாமல் மீண்டும் மீண்டும் எழும்பி வட்டமிட்டன. பகைவர் பாசறை இருந்த வடகரையில் ஒரு தீப்பொறிகூடத் தெரியவில்லை.

அதைத்தான் கோளரியார் வாய்விட்டுச் சொன்னார். "சோறு சமைக்காத படையைப் பற்றி என் பாட்டனார் ஒன்று சொல்லுவார், தேவி. ஒன்று, அது ஊருக்குப் போய்விட்டது. இல்லாவிட்டால் நம்மைச் சமைக்கக் காத்திருக்கிறது."

"உம்முடைய பாட்டனாரும் சோற்றை வைத்துத்தான் போரை அளந்தாரோ?" என்றார் வயிரமேகர்.

"எங்கள் குலத்தில் எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அளப்போம், தண்டநாயகரே."

வீரநாரணி நகைக்கவில்லை. அவள் பார்வை நான்காம் விளக்கில் இருந்தது. சென்ற ஆண்டு இதே ஆற்றின் முதலைத்துறையில் முன்னணிப் படையோடு இறங்கி மீளாதவன், பூதி இளங்கண்டன். அவளுக்கென்று அவள் தந்தையார் நிச்சயித்திருந்தவனும் அவனே. 'பகைவனிடம் விலைபோனான், படையை வேண்டுமென்றே நீரில் அமிழ்த்தினான்' என்று பறை அறைந்தாயிற்று. மறைந்த தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு; துரோகிக்கு இல்லை. ஆயினும் நாள்தோறும் அந்தியில் அந்த விளக்கைத் துடைத்துத் திரி மாற்றுவது அவளே. ஏற்றும் உரிமை அவளுக்கில்லை. துடைக்கக் கூடாதென்று எவரும் விதி செய்யவில்லை.

"தொடங்கும், சாத்தனாரே" என்றாள்.

காரிநாட்டுப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. போருக்கு முதல் நாள் அந்தியில், மறைந்த தலைவர்களின் கீர்த்தியைப் படிப்பார்கள். வென்ற நாடுகளின் பட்டியல் அதில் இராது. ஒவ்வொரு தலைவனும் படைக்கு விட்டுச்சென்ற நெறி எதுவோ, அதுதான் அவன் கீர்த்தி. அந்த நெறியைத் தலைவர்கள் அப்போதே நடந்தும் காட்ட வேண்டும்.

எயினன் சாத்தனார் கனைத்துக்கொண்டு முதல் ஓலையைப் பிரித்தார். "ஆதன் அழிசி. கோடைப் படையெடுப்பில் சுனைகள் வற்றிய காலத்தில், தம் பங்கு நீரைத் தம் குதிரைக்கு ஊற்றியவர். 'நான் விழுந்தால் ஒருவன் விழுந்தான். குதிரை விழுந்தால் இருவர் விழுந்தோம்' என்றவர். அன்று முதல், படையின் குதிரைகளெல்லாம் நீருண்டு கொம்பு ஊதும்வரை, விளக்கெடுத்துச் சூளுரைத்த தலைவர் எவரும் நீர் அருந்துவதில்லை."

கிண்ணங்கள் தொடப்படாமல் இருந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? ஆற்றோரம் குதிரைகள் இன்னும் நீருண்டுகொண்டிருந்தன. கொம்பு ஊதவில்லை.

"அடுத்தவர் செருமா வேள். தாம் கால் நனைத்துப் பாராத துறையில் தம் வீரன் ஒருவனையும் இறக்காதவர். தலைவன் தானே நடு ஆறுவரை நடந்து, காலடி மணலை அள்ளிவந்து இவ்விளக்கின் அடியில் இடுவான். மணல் விழுந்தபின்னரே ஓலையில் அரக்கு விழும்."

வயிரமேகர் எழுந்தார். நரைத்த மீசையும், கன்னத்தில் மூன்று போர்களின் வடுக்களும், இன்னும் தளராத தோளுமாக அவர் நின்றபோது, பத்து வயதில் தன்னை முதன்முதல் குதிரையேற்றிய அந்தப் பழைய உருவம் வீரநாரணியின் நினைவில் எழுந்தது. அக்காலத்தில் அவரை 'மாமா' என்பாள். முடி சூடிய நாள் முதல் 'தண்டநாயகரே' என்றாகிவிட்டது. அவர் மடியிலிருந்த பட்டுப்பையை அவிழ்த்து, வெண்மணலை இரண்டாம் விளக்கடியில் சொரிந்தார்.

"முதலைத்துறை. மார்பளவு நீர். சென்ற ஆண்டு துறை நம்மைக் கெடுக்கவில்லை, தேவி, துரோகி கெடுத்தான். விடியலில் வலங்கைப் படையும் இடங்கைப் படையும் அங்கேயே கடக்கட்டும்."

மேல்துறையில் இறங்கியிருந்த இடங்கைப் படைக்கான ஆணையோலை முன்பே எழுதி ஆயத்தமாக இருந்தது. எயினன் சாத்தனார் அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டினார். அது உருகத் தொடங்கியது.

"மூன்றாமவர் கணியன் தித்தன்" என்று படிக்கவும் தொடங்கினார். "தோல்வியுற்றுத் தலைநகர் மீண்ட அன்று..."

"போதும் ஐயா, ஊரறிந்த கதை. அரக்கு காய்ந்துவிடும்" என்று வயிரமேகர் குறுக்கிட்டார்.

அப்போதுதான் வாயிலில் சலசலப்பு எழுந்தது. காவலர் இருவர் ஒரு மனிதனை இழுத்து வந்து விளக்குகளுக்கு முன் தள்ளினர். ஈரம் சொட்டும் கந்தலாடை. தாடி மறைத்த முகம்; அதிலும் பாதி வீங்கிக் கறுத்திருந்தது. கழுத்தைச் சுற்றி, நெடுநாள் கயிறு கிடந்த தழும்பு.

"அக்கரை ஒற்றன், தேவி. நாணலுக்குள் ஊர்ந்து வந்தான். எவ்வளவு உதைத்தும் வாயைத் திறக்கவில்லை. தேவியைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்று சைகை மட்டும் காட்டுகிறான்."

"ஒற்றனுக்குத் தனி அவையோ? வெளியே கொண்டுபோய்த் தலையைச் சீவுங்கள்!" என்றார் வயிரமேகர்.

வீரநாரணி கை உயர்த்தினாள். அம்மனிதனின் உதடுகள் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தன. "சாகப் போகிறவனும் தாகத்தோடு சாகலாகாது. என் கிண்ணத்தைக் கொடுங்கள்."

அவன் இரு கைகளாலும் கிண்ணத்தை வாங்கினான். நீர் தளும்பியது. கிண்ணம் உதட்டைத் தொட்டது. தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. ஆனால் நீர் உள்ளே போகவில்லை. கிண்ணத்தை மெல்லத் தாழ்த்தி, கயிறு தின்ற குரலில், தன்னையறியாமல் அவன் கேட்டான்:

"கொம்பு... ஊதியாயிற்றா?"

பிரம்பாசனத்தின் முனகல்கூட நின்றுபோயிற்று.

படைவீரன் நீரைக் கண்டால் குடிப்பான். ஒற்றன் அதனினும் விரைந்து குடிப்பான். தாகத்தால் செத்துக்கொண்டிருக்கையிலும் அந்தக் கேள்வியைக் கேட்க, இந்தப் படையில் விளக்கெடுத்துச் சூளுரைத்த தலைவன் ஒருவனாலேயே முடியும். அப்படிப்பட்டவர்களில் இந்தக் கூடாரத்தில் இல்லாதவன், உயிரோடும் இல்லாதவன் என்று அனைவரும் நம்பியவன், ஒருவனே.

வீரநாரணி ஆசனத்தை விட்டு எழுந்தாள். வீங்கிய முகத்தில் வீங்காமல் எஞ்சியிருந்த ஒரு கண்ணை உற்று நோக்கினாள். அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னே நான்காம் விளக்கைப் பார்த்தது.

"அதை ஏற்றிவிடாதீர்கள், தேவி" என்றான் பூதி இளங்கண்டன். "எண்ணெய் வீண். நான் இன்னும் சாகவில்லை."

வயிரமேகரின் வாள் பாதி உறையை விட்டு வெளிவந்திருந்தது. கோளரியார், அந்த உடலுக்கு எவரும் எதிர்பாராத விரைவோடு எழுந்து, குறுக்கே நின்றார். "பொறும், தண்டநாயகரே. என்னைத் தாண்டி வெட்டுவதற்கு உமக்குப் பொழுது விடிந்துவிடும்."

"துரோகி பேசுவதைக் கேட்கவா போகிறீர்கள், தேவி?"

"அவர் பேசட்டும்" என்றாள் வீரநாரணி. பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு நேரம் ஏன் பெயரைச் சொல்லவில்லை?"

"துரோகியென்று பறை அறைந்திருக்கிறதே! காவலரணிலேயே பெயரைச் சொல்லியிருந்தால் என் தலை மட்டும் உங்களிடம் வந்திருக்கும். ஓராண்டாக அக்கரையில் ஓடம் இழுக்கும் அடிமையாக இருந்தேன். நேற்றுத்தான் கயிற்றை அறுத்தேன்." இளங்கண்டனின் விரல் இரண்டாம் விளக்கைச் சுட்டியது. "இது எந்தத் துறை மணல்?"

"முதலைத்துறை" என்றார் எயினன் சாத்தனார்.

"நடு ஆற்று மணலா?"

"அப்படித்தான் தண்டநாயகர் இட்டார்."

"முதலைத்துறையின் நடுவில் மணலே கிடையாது, ஐயா. வழுக்குப் பாறை. நீரின் வேகம் ஒரு பொடி மணலையும் அங்கே தங்கவிடாது. பாறையைத் தாண்டினால் யானையை விழுங்கும் மடு. என் முன்னணிப் படை அந்த மடுவில்தான் கிடக்கிறது. சென்ற ஆண்டும் இதே விளக்கடியில் இவர் வெண்மணல் இட்டார். அதை நம்பி இறங்கினேன். நானும் ஒருமுறை கால் நனைத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. நாளையும் அங்கேதான் வருவீர்களென்று அக்கரையில் வில்லாளிகள் தீ மூட்டாமல் படுத்திருக்கிறார்கள்."

அரக்குக் குச்சியிலிருந்து ஒரு செந்துளி உருகித் தடுக்கில் விழுந்தது. ஓலையில் விழவில்லை.

"தண்டநாயகரே, நீர் நடு ஆறுவரை நடந்தீரா?" என்று வீரநாரணி கேட்டாள்.

வெளியே நாரைகள் கத்தின. வயிரமேகர் வாளை உறைக்குள் தள்ளினார்.

"சாத்தனாரே, மூன்றாம் ஓலையைப் படியும்."

"தண்டநாயகரே..."

"படியுமென்றேன்."

ஓலைநாயகம் படித்தார். "கணியன் தித்தன். தோல்வியுற்றுத் தலைநகர் மீண்ட அன்று, குதிரையை விட்டிறங்கி, கோட்டை வாயிலில் நின்று, மகனை இழந்த தாய்மாரெல்லாம் கேட்க, 'தோற்றவன் நான்' என்று தம் வாயாலேயே கூறியவர். தோல்வியைப் பிறர் தலையில் ஏற்றாதவனே இப்படைக்குத் தலைவன் என்பது அவர் விட்டுச்சென்ற நெறி."

"தோற்றவன் நான்" என்றார் வயிரமேகர்.

அவர் மெல்லிய குரலில்தான் சொன்னார். "அக்கரை அரசன் பொன்னுக்கு நான் விலைபோனதாக எண்ணிவிடாதே, தேவி. அதுவாக இருந்தால் சொல்வது எளிது. தென்னாற்று வெள்ளத்தில் உன் தந்தையாரை இழுத்துக் கரைசேர்த்த நாளில் நானும் ஒருமுறை மூழ்கி எழுந்தேன். அதற்குப்பின் ஓடும் நீரைப் பார்த்தால் என் முழங்கால் எனக்குச் சொந்தமில்லை. எவரிடம் சொல்வேன்? வயிரமேகனுக்கு அச்சமென்றால் ஊர் சிரிக்காதா? மணல் கொண்டுவா என்று ஆளை ஏவினேன். கொண்டுவந்தான். எங்கே அள்ளினாயென்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். படை அமிழ்ந்தபின், செத்தவன் மறுத்துப் பேசமாட்டான் என்று இவன்மேல் போட்டேன்."

"விளக்கின்முன் பொய்த்தவனுக்கு யானைக்கால் மிதிதான்" என்று கோளரியார் முணுமுணுத்தார். அவர் முகத்தில் இப்போது எந்த நகைச்சுவையும் இல்லை. "என் யானைகள் நாளை அந்த மடுவில்..."

"யானையை வீணாக்காதீர், கோளரியாரே. ஒரு காரியம் மிச்சமிருக்கிறது" என்ற வயிரமேகர் இளங்கண்டனிடம் திரும்பினார். "நீ எங்கே கடந்தாய்?"

இளங்கண்டன் ஈரக் கந்தலின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தான். கரிய மணல் ஒரு பிடி. அடிமைக் கயிற்றை அறுத்துக்கொண்டு, உயிர் பிழைக்க ஓடிவந்தவன், நடு ஆற்றில் நின்று குனிந்து அதை அள்ளியிருக்கிறான்! வெண்மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு, விளக்கடியில் அதை வைத்தான்.

"நாணற்றுறை. இடுப்பளவு நீர். அங்கே காவல் இல்லை."

"முதலைத்துறையில் எவனும் இறங்காவிட்டால், விடிந்த நாழிகையிலேயே அவர்கள் வேறு துறைகளைக் காக்கப் பாய்வார்கள்" என்றார் வயிரமேகர். "கரையில் பறை முழங்கட்டும். கொடிகள் நிற்கட்டும். நாலு யானை பிளிறினால் போதும். ஆனால் அவர்கள் கண்ணெல்லாம் அங்கேயே இருக்க, நீரில் ஒருவன் இறங்கியாக வேண்டும். என் கவசத்தை அக்கரையில் எல்லோரும் அறிவார்கள். விளக்கின்மேல் ஆணை, தேவி; நாளை நடு ஆறுவரை நடப்பேன்."

அந்தக் கணத்தில் ஆற்றோரத்திலிருந்து கொம்பு ஊதியது. நெடிய, கனத்த ஒலி. இளங்கண்டன் கிண்ணத்தை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். வயிரமேகரின் கை தம் கிண்ணத்தை நோக்கிப் போகவில்லை.

வீரநாரணி முன்பு எழுதிய ஆணையோலையை எடுத்து, முதல் விளக்கின் சுடரில் பிடித்தாள். அது எரிந்து சுருண்டது. "புதிதாக எழுதும், சாத்தனாரே. இடங்கைப் படை நாணற்றுறைக்கு இறங்கட்டும். முன்னணிக்குப் பூதி இளங்கண்டன் தலைவர்."

"ஆகட்டும் என்று சொல்ல என் வாய்க்கு வலுவில்லை, தேவி" என்று இளங்கண்டன் தலையை மட்டும் அசைத்தான்.

"உம்மை இப்போதுதான் திரும்பப் பெற்றேன்" என்று அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "விடிந்தால் மறுபடியும் ஆற்றுக்கு அனுப்புகிறேன். இந்த விளக்கை இனியும் துடைக்க வைத்துவிடாதீர்."

எழுத்தாணி கீறிக்கொண்டே சென்றது. முடிவில் ஓலைநாயகம் தயங்கினார். "படைத்தலைவர் கீர்த்தி ஓலையிலும் ஒரு வரி சேர்க்க வேண்டுமே. தண்டநாயகரைப் பற்றி... என்னவென்று எழுத?"

வயிரமேகர் தலைகுனிந்து நின்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"வயிரமேகர். தம் தோல்வியைத் தம் வாயால் கூறியவர். ஓடும் நீருக்கு அஞ்சியவர். அஞ்சியபடியே முதலைத்துறையில் நடு ஆறுவரை நடந்தவர்."

"நடந்தவர் என்றா, தேவி? அவர் இன்னும்..."

"நடந்தவர் என்றே எழுதும்."

ஆணையோலை சுருண்டது, நூல் சுற்றியது, அரக்கு சொட்டியது. அவள் முத்திரை மோதிரத்தை அழுத்தியபோது, தம் கீர்த்தியைத் தம் காதாலேயே கேட்டுவிட்ட அந்த முதியவர் வாயிலைக் கடந்துகொண்டிருந்தார்.

"மாமா" என்று அவள் அழைத்தாள்.

அவர் ஒரு கணம் நின்றார், திரும்பவில்லை. அவரைக் கடந்து ஓலைக்காரன் ஓடிக் குதிரையில் தாவினான். குளம்பொலி மேல்துறை நோக்கித் தேய்ந்து மறைந்தது. அதன்பின் கூடாரத்துக்குள் கேட்டதெல்லாம் ஆற்றின் இரைச்சல் ஒன்றே.