மில்பிடாஸில் மலைக்காற்று

உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, அரிசிதான் வேகவில்லை. ஒன்றரை மணி நேரமாயிற்று. நஞ்சப்பன், ஓட்டல் அடுப்படியில் பதினோரு வருஷம் கிடந்தவன். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தான். நடுவில் கல்லாக இருந்தது.

"என்ற கைப்பக்குவத்தைக் குத்தஞ் சொல்லாதீங்க," என்றாள் மனைவி ராமாத்தாள். "அடுப்புத்தான் சரியில்லீங்க, மூணு வாரமா நாளுக்கு நாள் மோசமாகுது. அந்த அபார்ட்மெண்ட்டு மேனேஜரக் கூப்பிடுங்க."

"அடுப்பு எரியுது, தண்ணி கொதிக்குது. மேனேஜரு வந்து ஊதி உடுவானாக்கும்?"

தொண்ணூற்றெட்டு டிசம்பர், ஞாயிறு சாயங்காலம். வீட்டுக்குப் பின்னால் எப்போதும் காதருகே இரைகிற ஃப்ரீவே, இன்று ஏதோ பாதாளத்தில் ஆறு ஓடுவதுபோல அடியிலிருந்து கேட்டது. அலமாரியில் சிப்ஸ் பொட்டலங்கள் வெடித்துவிடும்போல உப்பி நின்றன. வறட்டிப் புகையும் நனைந்த கம்பளியும் சேர்ந்து மணத்தன. கடல்மட்டத்து ஊரான மில்பிடாஸில் யார் வறட்டி எரிக்கிறார்கள்?

முன்பு இந்த வீட்டில் குடியிருந்தவன் எவுசேபியோ. ஓட்டலில் நஞ்சப்பனோடு வேலைசெய்து பாத்திரம் கழுவியவன், பெரு நாட்டு மலையூர்க்காரன். அரைகுறை இங்கிலீஷில் ஊரைப் பற்றிச் சொல்லி ஓயமாட்டான். மரமே முளைக்காத உயரமாம். குளிருக்குச் சாணி எரிப்பார்களாம். உருளைக்கிழங்கை உறைபனியில் பரப்பிவைத்து, விடிந்ததும் குடும்பமே வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழியுமாம். காற்று அவ்வளவு இலேசாம். தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமாம், எதுவும் வேகாதாம். மூன்று வாரம் முன்பு வீட்டை இவர்களுக்கு விட்டு ஊருக்குப் போகும்போது அந்த மலையின் கருங்கல் ஒன்றை அடுப்படிச் சுவர்த் தட்டில் வைத்துப் போனான். வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை அதற்குத் தின்னவோ குடிக்கவோ ஒன்றும் கொடுத்துவிடாதே, கொடுத்தால் இருக்கிற இடத்தையே தன் ஊராக்கிக்கொள்ளும் என்றான்.

அதை ராமாத்தாளிடம் சொல்ல நஞ்சப்பன் மறந்துபோயிருந்தான். இருட்டில் போய் இருட்டில் வருகிறவன், தட்டை இன்றுதான் நிமிர்ந்து பார்த்தான். கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

"இதென்ன?"

"சாமிக் கல்லுங்க. சும்மா கெடந்துச்சு, பாவமாட்ட. தெனமும் ஒரு கிண்ணம் பாலு ஊத்தறேன். சொட்டு நிக்காமக் குடிச்சுப்போடுதுங்க."

அவனுக்குக் காது அடைத்தது. மூச்சு வாங்கியது.

வான்மதி!

ஐந்து வயது மகள். ஆஸ்துமா இழுப்புக்காரி. சளியென்று மூன்று வாரமாக வெளியே விடாமல் உள்ளறையிலேயே படுக்கவைத்திருந்த குழந்தை. இந்தக் காற்றில் எப்படித் தாங்கும்?

ஓடினான். அறையில் எலும்பு நோகிற குளிர். சன்னலில் உள்பக்கமாகப் பனி. சுவருக்குள்ளிருந்து ஓர் ஓசை. சளக். சளக். பல கால்கள் எதையோ மிதிக்கும் ஓசை. குழந்தையை வாரி எடுத்தான். இழுப்பில்லை. கன்னங்கள் மட்டும் வெடித்துச் சிவந்திருந்தன.

"ஏனுங்க, என்னாச்சு?"

"வெளிய நட!"

படிகள். கார் நிறுத்துமிடம். கனத்த, ஈரமான காற்று. அவன் நெஞ்சு நிறைந்தது.

"தப்பிச்சோம் அம்மிணி."

குழந்தையின் வாய் திறந்து திறந்து மூடியது.

"அப்பா... டூ மச் ஏர்."

சட்டைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து ஒரு பஃப் அடித்தான். இன்னொன்று. உதடு நீலமாயிற்று. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லிப் பக்கத்து வீட்டுக் கதவை ராமாத்தாள் இடித்தாள். குழந்தையின் கை துவண்டது.

வேறு வழியில்லை; மூன்று வாரத்தில் அவளுக்குப் பழகியது மேலே இருந்த காற்றுதான். அவன் படியேறினான். ஒவ்வொரு படிக்கும் அவளுக்கு மூச்சு திரும்பியது. அவனுக்குக் குறைந்தது. வாசலைத் தாண்டியதும் மூச்சு முட்டித் தரையில் சரிந்தான். பிடி நழுவியது. அவள் இறங்கி நடந்தாள்.

எதிர்ச் சுவர் இல்லை. சாம்பல் புல் முளைத்த சரிவு. மண்சுவர் வீடுகள். தொப்பி வைத்த பெண்கள் முதுகு காட்டி வரிசையாக நின்று உருளைக்கிழங்கை மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சற்று நகர்ந்து, ஒரு குழந்தை நிற்கும் அளவு இடம் விட்டாள்.

கூப்பிட அவனுக்கு மூச்சில்லை.

வான்மதி சாக்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வரிசையில் நின்றாள். குளிரில் அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. மற்றவர்களில் ஒருத்தி வாயிலிருந்தும் எழவில்லை.

இன்னொரு முறை எழுந்தது.

அப்புறம் எழவில்லை. அவள் கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தன.