மூச்சுக்குழாய்

குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டைமேல் இருந்த ஜாலித் தட்டை மோகன் தூக்கிப் பார்த்தபோது அடியில் தண்ணீர் இல்லை.

மனைவி லீலா குளித்துவிட்டுப் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சந்தன சோப்பின் வாசனை கண்ணாடியில் படிந்த ஆவியோடு அறைக்குள்ளேயே நின்றது, புது டைல்ஸில் நீர்த்துளிகள் இறங்கிக்கொண்டிருந்தன, தரையில் நுரை ஒரு கோடாக ஜாலி வரைக்கும் வந்து உடைந்துகொண்டிருந்தது. ஆனால் ஜாலிக்கு அடியில், எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய கிண்ணம் காய்ந்து கிடந்தது. வெயிலில் வற்றியதுபோல இல்லை. நாய் நக்கித் துடைத்த தட்டுபோல இருந்தது.

அந்தத் தண்ணீர்தான் மூடி என்று பிளம்பர் இசக்கிபாண்டி சொல்லிக் கொடுத்திருந்தான். கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும்வரை குழாயில் இருக்கும் கெட்ட காற்று வீட்டுக்குள் ஏறாது. ஆசிட் ஊற்றக் கூடாது, வாரம் ஒருமுறை முடியை எடுக்க வேண்டும், ஊருக்குப் போவதானால் போகும்முன் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுப் போக வேண்டும். இவ்வளவுதான் பராமரிப்பு. மோகன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். இன்றும் ஒரு சொம்பு ஊற்றினான். கிண்ணம் நிரம்பியது. குந்தி உட்கார்ந்து பார்த்தான். தண்ணீர் சிறிது நேரம் சும்மா இருந்தது. பிறகு அதன் நடுவில் ஒரு குழி விழுந்தது. யாரோ கீழிருந்து உதடு வைத்து சூடான டீயை உறிஞ்சுவதுபோல, விட்டு விட்டு, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை அது போயிற்று.

மோகன் ஒரகடத்தில் ரேடியேட்டர் செய்யும் கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்ப்பவன். பன்னிரண்டு வருடமாக நைட் ஷிப்ட். காற்றை ஏற்றுவான், முள் இறங்குகிறதா என்று பார்ப்பான். இறங்கினால் எங்கோ ஓட்டை. அதற்கு மேல் உலகத்தில் யோசிக்க எதுவும் இருப்பதாக அவன் நினைத்ததில்லை. ஆனால் இந்தக் காலையில் அவன் எழுந்து நின்ற விதத்தில் ஒரு பதற்றம் இருந்தது. ஏனென்றால் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

சேரப்பணஞ்சேரியில் அந்த வீடு அவன் அப்பா தசரதன் கட்டியது. குளியலறை வெளியே, தோட்டத்தின் கோடியில் இருந்தது. மகள் வேல்விழிக்கு ஆறு வயது, பிறந்ததிலிருந்து வீசிங். தலை நனைந்து வெளிக்காற்றில் நாலு அடி நடந்தால் போதும், மூன்று நாள் ஆஸ்பத்திரி. அவளுக்காகத்தான் குளியலறையை வீட்டுக்குள், ஹாலை ஒட்டிக் கொண்டு வந்தான். தண்ணீர் வெளியேற வழிதான் இல்லை. தெருக் கால்வாய்க்குக் குழாய் போட்டால் ஹால் தரை முழுவதையும் உடைக்க வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு நாலு இஞ்ச் குழாய் ஆள் உயரத்துக்கு மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் கொசுவலை கட்டிய, வெயிலில் வெளுத்த குழாய்.

அது கிணற்றின் குழாய்.

நிலத்தை லேஅவுட்காரனுக்குக் கொடுத்த வருடம், மோகனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, அப்பா கிணற்றை மூடினார். கம்பெனிகள் இடித்துப் போட்ட கல்லும் மண்ணும் லாரி லாரியாக வந்து விழுந்தன. கொட்டுவதற்கு முன் அடிவரைக்கும் ஒரு குழாயை இறக்கி, மேலே விட்டார். அந்தப் பக்கத்தில் கிணற்றை மூடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கெணத்த மூடலாம்டா, அதோட மூச்ச மூடக் கூடாது என்றார். மோகன் சிரித்தான். சின்ன வயதில் அதே கிணற்றில் எட்டிப் பார்த்து அவன் தன் பெயரைக் கத்துவான். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் பெயர் மேலே வரும், பெரிய ஆள் குரலில்.

அப்பா செத்து இரண்டு வருடம். மோகன் குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்தான். அது கழிவுநீர் மண்ணில் ஊறும் பழைய சோக் பிட்டுக்குப் போகிறது என்று இசக்கிபாண்டியிடமும் லீலாவிடமும் சொன்னான். வேலை முடிந்த அன்று இசக்கி நாலு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காதைச் சாய்த்தான்.

"தண்ணி போயி விழுந்த சத்தமே கேக்கலயே அண்ணாச்சி. உங்க சோக் பிட்டு என்ன, பாதாள லோகத்துலயா கெடக்கு?"

"தண்ணி போவுதா இல்லியா? போவுதுல்ல. அப்புறம் உனக்கு இன்னா, ஜாலிய வச்சிட்டுக் கெளம்பு."

அதற்குப் பிறகு இருபது நாள் ஆகிவிட்டது. வேல்விழி ஒரு முறைகூட மூச்சுக்குத் திணறவில்லை. லீலா பக்கத்து வீட்டிலும், கம்பெனி பஸ்ஸிலும், போனில் அம்மாவிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்ஹேலர் ஃப்ரிட்ஜ் மேல் தூசி பிடித்துக் கிடந்தது. பாத்ரூம் வந்த ராசி என்றாள். மோகனும் அப்படித்தான் நம்பப் பார்த்தான்.

வியாழக்கிழமை இசக்கிபாண்டியை வரச் சொன்னான். அவன் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன், பிளம்பிங் ஓய்வு நேரத்துக்கு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வாய் ஓயாது. வந்ததும் அண்ணாச்சி வீட்டுக் கொழாய்க்கு வெயில் தாகம் போல என்று கேலி செய்தான். பிறகு ஜாலியைக் கழற்றி, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தான். வெகுநேரம் படுத்திருந்தான். எழுந்தபோது கேலி இல்லை.

காற்று இழுத்தால்தான் கிண்ணம் வற்றும் என்றான். ஆனால் இழுத்த காற்று திரும்பி வராது, இது வருகிறது. இது எந்தக் குழாய் என்று கேட்டான். மோகன் உண்மையைச் சொன்னான்.

இசக்கி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டான்.

"கெணத்துப் பைப்பையா அறுத்தீய? எங்க ஊருல அத தொட மாட்டாவ அண்ணாச்சி."

"இப்ப இன்னா பண்றது?"

"ஞாயித்துக்கெழம வாறேன். ஒடச்சு, பைப்ப பழையபடி மேல தூக்கி விட்டுருவோம். அதுவரைக்கும் தெறந்தே கெடக்கட்டும். அடைக்க மட்டும் செய்யாதீய." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அடச்சா அது சும்மா இருக்காது. வேற பைப்பு பாத்துக்கிடும்."

வெள்ளிக்கிழமை மோகன் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி ஜாலிமேல் பிடித்தான். புகை வளைந்து குழாய்க்குள் போனது. நாலு எண்ணும்வரை போனது. நின்றது. பிறகு நாலு எண்ணும்வரை வெளியே வந்தது, ஊதுவத்தி மணத்தோடு கூடவே பாசியும் பழைய செம்புக்குடமும் கலந்த ஒரு குளிர்ச்சியான வாடை வந்தது. அந்த வாடை அவனுக்குத் தெரியும். எட்டு வயதில் கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தபோது முகத்தில் அடித்த அதே வாடை.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணிக்குக் கரண்ட் நிறுத்திவிட்டார்கள், ஐந்து மணிக்குத்தான் வரும். லீலா ஜெனரல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தாள். அவள் கம்பெனியில் போனை வாசலிலேயே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஐந்தரை வரைக்கும் அவள் உலகத்தில் இல்லாத ஆள் மாதிரி. பள்ளிக்கூடம் லீவு. மோகன் ஹாலில் பாயை விரித்து மகளைப் பக்கத்தில் படுக்க வைத்து, தானும் படுத்தான். ஃபேன் இல்லை, டிவி இல்லை, ஃப்ரிட்ஜின் முனகல்கூட இல்லை. மெயின் ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தம் அவ்வப்போது ஜன்னல் கம்பிகளை மெல்ல அதிரவைத்துவிட்டு அடங்கியது. அது அடங்கிய இடத்தில் இன்னொன்று கேட்டது. பாத்ரூம் கதவுக்குப் பின்னால். க்ளக். பிறகு நீளமான ஒரு இழுப்பு. பிறகு க்ளக்.

அவன் எண்ணினான். நாலு. நாலு.

அவன் கை மகளின் முதுகின்மேல் இருந்தது. அந்தச் சின்ன முதுகு ஏறியது. நாலு. இறங்கியது. நாலு. குழாய் இழுத்தபோது அவள் விட்டாள். குழாய் விட்டபோது அவள் இழுத்தாள். ரம்பம் இழுப்பவர்கள் இரண்டு பேர்போல, ஒருவர் விட்டதை ஒருவர் வாங்கி, பிசகே இல்லாமல்.

"பாப்பா. கொஞ்சம் மெதுவா மூச்சு வுடு."

வேல்விழி தூக்கத்தில் இல்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வுடல ப்பா. அதுவா வருது."

இசக்கி சொன்னது அவன் நினைவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. ஆனால் அவன் கைக்கு அடியில் இருந்தது அவன் மகள். ஓட்டை தெரிந்தால் அடைப்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. டைல்ஸ் ஒட்டியபோது மீந்த வெள்ளை சிமெண்ட் அரைப் பை இருந்தது. பழைய லுங்கியைக் கிழித்து உருட்டி, குழாய்க்குள் திணித்தான். குழாய் அதை இழுத்து இறுக்கிக்கொண்டது. மேலே சிமெண்டைக் குழைத்து அப்பினான். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கையில் ஒரு தள்ளல். இன்னொன்று. பிறகு மெதுவாக ஒன்று.

பிறகு இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தான் என்று தெரியவில்லை. சிமெண்டின் சூடு கையில் ஏறியது. வீடு அமைதியாக இருந்தது. அந்தச் சத்தம் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது.

அப்போது ஹாலிலிருந்து இழுப்பு கேட்டது.

வேல்விழி மல்லாந்து படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். நாலு எண்ணினான். அவள் இழுத்தாள். எட்டு. பத்து. இருபது. நெஞ்சு ஏறவில்லை. இழுத்த காற்று அவளுக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் மேலிருந்த இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினான். அழுத்தினான். அந்த மருந்தும் போனது.

அவன் பாத்ரூமுக்கு ஓடினான். சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். நகத்தால் தோண்டினான். ரத்தம். லுங்கித் துணியைப் பிடித்து இழுத்தான், வந்தது. குழாய் திறந்தது. சொம்புத் தண்ணீரை ஊற்றினான்.

கிண்ணம் நிரம்பியது. நிரம்பி நின்றது.

நேற்று மீந்த ஊதுவத்தியைக் கொளுத்தி மேலே பிடித்தான். புகை நேராக மேலே போனது. தண்ணீரில் அவன் முகம் அசையாமல் தெரிந்தது. நல்ல குழாய். எந்தப் பழுதும் இல்லாத குழாய்.

அவன் ஊதுவத்தியைக் கீழே வைக்க மறந்து ஹாலுக்கு வந்தான்.

புகை அவன் கையிலிருந்து மேலே போகவில்லை. படுக்கையாகச் சாய்ந்தது. காற்றில்லாத அந்த ஹாலைக் கடந்து, ஒரு நூலைப்போல, வேல்விழியின் வாயை நோக்கிப் போனது. சுவரில் தேதிக் காலண்டரின் தாள்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் எழும்பின. பாயின் ஓரம் எழும்பியது. பாசி வாடை. செம்பு வாடை. குளிர்.

அவள் கண் அவனைப் பார்த்தது. அந்தக் கண்ணில் மட்டும் அவள் இருந்தாள்.

மோகன் முட்டி போட்டான். அவள் முகத்துக்கு மேல் குனிந்தான். பல்லுக்குப் பின்னால் நாக்கு தெரியவில்லை. இருட்டு மட்டும் இருந்தது, வட்டமாக, கீழே போய்க்கொண்டே.

"பாப்பா," என்றான்.

அவள் உதடு அசையவில்லை.

ஒன்று.

இரண்டு.

"பாப்பா," என்று கீழேயிருந்து அவன் குரல் வந்தது.