இன்னும் உள்ளே யார்?

தீ அபாய மணி திடீரென்று அலறியதில், அவள் கையிலிருந்த காபி பாதி விசைப்பலகையில் கொட்டியது.

"ஒத்திகைதாங்க! யாரும் பயப்படாதீங்க, படி வழியா இறங்குங்க!" என்று நடைபாதையில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள்.

மேசைக்கடியில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த குட்டியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை. கணவன் வெளியூரில். வேறு வழியில்லாமல் மகளையும் அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"அம்மா, நெஜமாவே தீ பிடிச்சிருக்கா?"

"இல்லடா. சும்மா ஒத்திகை."

"அப்ப ஏன் எரியிற வாசனை வருது?"

மணியின் கூச்சலில் அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கட்டடத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் மொத்த அலுவலகமும் கூடியிருந்தது. வரவேற்பு அக்கா கையில் டேப்லெட்டுடன் நடுவில் நின்று, ஒவ்வொரு ஆளாகப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது இவளுடைய மூன்று மாத உழைப்பு.

அந்த நிறுவனம் செய்வது வருகைப் பதிவு மென்பொருள். பெரிய பெரிய கட்டடங்களில் யார் உள்ளே வந்தார்கள், யாரைப் பார்க்க வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று குறித்து வைக்கும் மென்பொருள். சோதனைக்காகத் தங்கள் கட்டடத்திலேயே அதை ஓட்டினார்கள். அவள் வேலை, திரைகளை வடிவமைப்பது. வடிவமைக்கும் முன்னால் இரண்டு நாள் வரவேற்பு அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தாள். அக்கா சலித்துக்கொண்டாள்.

"தினம் அஞ்சு தடவை இதே நாலு கட்டத்தை நிரப்பறேம்மா. எந்த மாடி, எந்தத் தேதி, உள்ளே வந்தாச்சா, வெளியே போகலையா. ஒரு தடவை சொன்னா ஞாபகம் வெச்சுக்காதா உங்க சாப்ட்வேரு? என் வீட்டுக்காரரே தேவலாம் போலிருக்கே!"

அதிலிருந்து பிறந்ததுதான் சேமித்த தேடல். ஒரு முறை தேடியதற்குப் பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் போதும். சேமிக்கப்படுவது கேள்விதான், பதில் அல்ல. ஆகவே அது ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். பதில் மாறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். முதல் தேடலுக்கு அக்காவே பெயர் வைத்தாள்: 'இன்னும் உள்ளே யார்?'

"ஆச்சு, மூணு... ரெண்டு... ஒண்ணு." அக்காவின் விரல் நின்றது. "ஒருத்தர் இன்னும் உள்ளே இருக்காங்க."

அவள் சட்டெனத் திரும்பினாள். குனிந்து பார்த்தாள். குட்டி பக்கத்திலேயே, அவள் புடவை நுனியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். சட்டையில் காலையில் ஒட்டிய வருகைச் சீட்டு. எண் முப்பத்தொன்று. யாரைப் பார்க்க: அம்மா.

"யாருக்கா அது?"

"பேரே இல்ல. 'ஒயரிங்'னு போட்டிருக்கு. சீட்டு நம்பர் நாப்பத்தாறு. யாரைப் பார்க்க, காலி. வந்த தேதி..." அக்கா கண்களைச் சுருக்கினாள். "இது எட்டு வருஷம் முந்தின தேதிம்மா!"

தாடி சிரித்தான். நிரல் எழுதுபவன், அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் தாடிதான். "எல்லாம் உன்னால வந்தது தாயே. உள்ளே வந்து, வெளியே போறப்ப பதியாம விட்டவங்களை எல்லாம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு சாப்ட்வேரே 'வெளியேறினார்'னு எழுதிடும். நீதானே அது பொய்க் கணக்கு, எடுத்துடுன்னு ஒத்தக் கால்ல நின்னே? நேத்து எடுத்துட்டேன். பழைய குப்பை மேல வந்துடுச்சு."

"ஆளு யாரு?"

"கேபிள் இழுக்க வந்தவரா இருக்கும். அப்ப பேப்பர் சீட்டு. யாரைப் பார்க்க வந்தாங்களோ அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் வாசல்ல வெளியே விடுவாங்க. யாரைப் பார்க்கன்னே எழுதலையே, யார் போடறது? பாவம், கையெழுத்துக்காக இன்னும் மாடி மாடியா ஏறி எறங்கிட்டு இருக்காரோ என்னவோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எட்டு வருஷம்னா... ரெண்டாவது மாடி கேபிள் ரூம்ல தீ பிடிச்சது அப்பத்தானே?"

"ஆமா. விடியக்காலை ரெண்டு மணிக்கு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. பதிவுல எல்லாரும் வெளியே போனதா இருந்துச்சு, அதனால யாரும் உள்ளே தேடவே இல்ல. அப்புறம் அந்த ரூமையே செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். பன்னிரண்டு மணிக்கு எழுதிய பொய். இரண்டு மணிக்குத் தீ. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு தாடியே தொண்டையைச் செருமி, "சே, அவரு முன்னாடியே போயிருப்பாரு" என்றான்.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கூட்டம் உள்ளே போயிற்று.

மறுநாள் காலை வாடிக்கையாளருக்குச் சேமித்த தேடலைக் காட்டியாக வேண்டும். அவள் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். செய்தி அனுப்பும் பொத்தான் முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கட்டுமா, பயன்படுத்துபவரே தட்டி இயக்கட்டுமா? இயங்கிக்கொண்டிருக்கட்டும். சோதித்துப் பார்க்கத் தன் கைபேசியையும் அதில் சேர்த்தாள். கண்ணாடிக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. குளிரூட்டியின் முனகலும், எங்கோ ஒரு கதவு மெதுவாகத் திறந்து மூடும் சத்தமும், பக்கத்து மேசைகளிலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பும்போது நாற்காலிகள் உருளும் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அடங்கின.

"அம்மா, இதுல கையெழுத்துப் போடு."

"காலையிலேயே ஒட்டினோமேடா."

"இது இன்னொண்ணு."

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினாள். தாள் விரல்களில் வெதுவெதுப்பாக, மொரமொரப்பாக, அப்பளம் போலத் தட்டுப்பட்டது. கிறுக்கிக் கொடுத்தாள். குட்டி ஓடிப்போனாள்.

கைபேசி அதிர்ந்தது.

'இன்னும் உள்ளே யார்? மாற்றம்: 1. பெயர்: ஒயரிங். கடைசியாக இருந்த இடம்: இரண்டாம் மாடி நடைபாதை.'

அவள் இருந்ததும் இரண்டாம் மாடிதான். கதவுகளில் பொருத்திய கருவிகள், சில்லு பதித்த புதுச் சீட்டு கடந்துபோகும்போது இடத்தைக் குறித்துக்கொள்ளும். ஆனால் பழைய காகிதச் சீட்டை அவற்றால் உணர முடியாது. எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கருவிகளே இல்லை. தாடியின் வேலை, என்று நினைத்துக்கொண்டாள். பயமுறுத்திப் பார்க்கிறான். எழுந்து அவன் மேசையை எட்டிப் பார்த்தாள். பை இல்லை. எப்போதோ கிளம்பியிருந்தான்.

மீண்டும் அதிர்ந்தது. 'யாரைப் பார்க்க' என்ற கட்டம் காலியாக இல்லை.

'யாரைப் பார்க்க: அம்மா.'

அவள் மெதுவாகக் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தளத்தில் யாரும் இல்லை. முக்கால்வாசி விளக்குகள் அணைந்திருந்தன. அப்போதுதான் அந்த வாசனை அவளுக்கும் தட்டியது. எரிந்த ஒயர் வாசனை. ரப்பரும் செம்பும் சேர்ந்து கருகி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி அணைத்தது போல.

"குட்டி?"

மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"குட்டி!"

"இங்க இருக்கேம்மா." நடைபாதையின் கோடியிலிருந்து குரல் வந்தது. அங்கே, சுவரில் ஒரு கதவின் அளவுக்கு மட்டும் வண்ணம் வேறாக இருக்கும் இடத்தில், குட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்த் தூக்கினாள்.

"இங்க தனியா என்னடி பண்றே?"

"தனியா இல்லம்மா. அந்த மாமா கூடப் பேசிட்டிருந்தேன்."

"எந்த மாமா?"

"பேனாவை டிக் டிக்னு அழுத்திட்டே இருப்பாரே, அந்த மாமா. என்னைப் போய் மேடம்னு கூப்பிடறாரும்மா!" குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவரோட அம்மா காத்துட்டு இருப்பாங்களாம். கையெழுத்து கிடைச்சா வீட்டுக்குப் போயிடுவாராம். அதான் உங்கிட்ட வாங்கிட்டு வந்து குடுத்தேன்."

அவள் விரல் நுனியில் அந்த வெதுவெதுப்பு இன்னும் இருந்தது.

"வா. போலாம்."

"என் வண்ணப் பென்சில்..."

"நாளைக்கு எடுத்துக்கலாம். வா!"

பையை எடுக்கவில்லை; கார் சாவி இடுப்பில்தான் இருந்தது. கணினியை அணைக்கவில்லை. குட்டியை இறக்கி, கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுவருக்குப் பின்னால் சத்தம். டிக். டிக். நடந்தாள். வேகமாக நடந்தாள். படிக்கட்டுக் கதவு பத்தடி தூரத்தில்.

மின்சாரம் போயிற்று.

இருட்டு. முழு இருட்டு. எதிலோ இடறி முழங்கால் குத்த விழுந்தாள். கை நழுவியது.

"குட்டி! எங்கடி? குட்டி!"

மூச்சுச் சத்தம். அவளுடையதுதான். தரையில் துழாவினாள். சுவர். தூசி. ஈரம். பிறகு ஒரு சின்னக் கை அவள் கைக்குள் வந்து புகுந்துகொண்டது. சில்லென்ற கை.

"பயந்துட்டியா செல்லம்? அம்மா இருக்கேன். வா."

படிகள். ஒவ்வொன்றாக. எண்ணவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கீழே வரவேற்பறையில் அக்கா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி வர்றே? பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டு இருட்டுலயேவா இறங்கினே?"

"அக்கா, கேள்வி கேக்காதீங்க. நீங்களும் கிளம்புங்க. உடனே."

"இரு, இரு. பாப்பா சீட்டு குடுக்கணும்ல? முதலாளி பேத்தியே ஆனாலும் சீட்டு சீட்டுதான்."

மெழுகுவர்த்திக்குக் கீழேயிருந்து சின்னக் கை சீட்டை நீட்டியது. ஓரமெல்லாம் பழுப்பு. மணி அடித்தபோது கொட்டிய காபியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் அவளுக்கு நேரம் இருந்தது. அக்கா மூக்குக்கண்ணாடி இல்லாமல் தாளைத் தூரமாகப் பிடித்து டேப்லெட்டில் எண்ணைத் தட்டினாள்.

"நாப்பத்தாறு. கையெழுத்து இருக்கு. சரி, கண்ணு, பத்திரமாப் போயிட்டு வா."

வெளியே மழை சரமாரியாகக் கொட்டியது. காரின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏற்றினாள். தலையைத் தடவிக்கொடுக்கக்கூட நிற்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் விழுந்து கதவுகளைப் பூட்டினாள். கிளப்பினாள். வாசல் தடுப்புக் கம்பம் மேலே போயிற்று. சாலை. விளக்குகள். மனிதர்கள். குடை பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, ஓடிக்கொண்டு, உயிரோடு மனிதர்கள்.

முதல் சிக்னலில் நின்றபோதுதான் மூச்சு வந்தது. கைபேசி அதிர்ந்தது. எடுக்கப் பயந்து, பிறகு எடுத்தாள்.

'இன்னும் உள்ளே யார்? மாற்றம்: 1. ஒயரிங். வெளியேறினார்.'

போய்விட்டார். அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு கிறுக்கல். அதற்காகத்தான் அந்த மனிதர் எட்டு வருடம் அலைந்திருக்கிறார். போகட்டும். அவருடைய அம்மாவிடம் போகட்டும்.

"குட்டி, அந்த மாமா வீட்டுக்குப் போயிட்டாருடா."

குட்டி பின்னால் தூங்கிவிட்டாளோ?

நாற்பத்தாறு.

அக்காவின் குரல் இப்போதுதான் அவள் காதுக்குள் விழுந்தது. நாப்பத்தாறு. கையெழுத்து இருக்கு. குட்டியின் எண் முப்பத்தொன்று.

கைபேசி மீண்டும் அதிர்ந்தது.

'இன்னும் உள்ளே யார்? முடிவு: 1.'

'சீட்டு எண்: 31.'

'யாரைப் பார்க்க: அம்மா.'

'கடைசியாக இருந்த இடம்: இரண்டாம் மாடி, கேபிள் அறை.'

சிக்னல் பச்சையாகியது. பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. காருக்குள் எரிந்த ஒயர் வாசனை. அவள் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பின் இருக்கையில், மிக மெதுவாக, ஒரு பேனா.

டிக்.

டிக்.

குட்டியின் குரல்தான். அதே மழலை.

"கையெழுத்துக்கு ரொம்ப நன்றிங்க மேடம். எட்டு வருஷமா யாருமே போட்டுத் தரல."