இளவேனிலின் இரத்தத்தில் ஏறிய கோதுமை

"எம் பொண்ணுக்கு யாரோ கோதுமை குடுத்துகினு இருக்காங்க சார். யாருன்னும் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

நெய்வேலி மெயின் பஜார் மாடியில், துப்பறிவாளர் அறிவுச்செல்வனின் அறைக்குள் பிரபாவதி நுழைந்த வேகத்தில் மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன. உதவியாளர் சின்னதுரை அவற்றைப் பொறுக்காமல் காதைத் தீட்டிக்கொண்டான். தொலைந்த பைக்குகளைத் தேடியே அலுத்துப்போனவனுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

பிரபாவதியின் மகள் இளவேனில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு சீலியாக் நோய். கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகும். அதோடு இரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருளும் ஏறும். கோதுமையை அடியோடு நிறுத்திய பிறகு எடுத்த பரிசோதனையில் ஆன்டிபாடி பாதியாக இறங்கியிருந்தது. பெண்ணுக்கும் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் போன வாரப் பரிசோதனையில் அது மறுபடி எகிறிவிட்டது.

"இப்படியே போனா வளர்ச்சியே நின்னுடும்ங்கறார் டாக்டர். எல்லாம் பக்கத்து குவார்ட்டர்ஸ் சாஜிதா வேலைதான். ஸ்கூல் விட்டா இவ அங்கதான் கெடப்பா. அவங்க வூட்ல எப்பவும் பரோட்டா, பிஸ்கட்டு. நான் போகக்கூடாதுன்னு நிறுத்திட்டேன். ஆதாரம் கெடைச்சா அசோசியேஷன்ல சொல்லி அவங்களையே காலி பண்ண வெப்பேன்."

"வாங்க, வீட்டப் பாப்போம்" என்றார் அறிவுச்செல்வன்.

சமையலறை பளபளவென்று இருந்தது. கோதுமை அரைத்த மெஷினில் அரிசியையும் அரைத்திருப்பார்கள் என்று சின்னதுரை ஆவலோடு துப்புச் சொன்னான். "மாவெல்லாம் எங்க மிக்ஸியிலதான் தம்பி" என்று பிரபாவதி ஒரே போடாகப் போட்டாள். பிறகு எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். பெருங்காய மணம் ஆளைத் தூக்கியது.

"நடுவுல இவளுக்கு வயிறு கெட்டுப்போச்சுங்க. அதுலேர்ந்து மூணு வேளையும் பெருங்காய மோர்தான். வலி ஜாஸ்தியானா ஒரு ஸ்பூன் கூடப் போடுவேன்."

மூக்கைச் சுளித்தபடி குடித்துக்கொண்டிருந்த இளவேனிலிடம் அறிவுச்செல்வன் கேட்டார். "அதுக்கப்புறம் எப்பம்மா உனக்கு வயிறு வலிக்காம இருந்துச்சு?"

"அத்தை பிரசவத்துக்கு அம்மா சேத்தியாத்தோப்பு போனாங்கல்ல, அப்ப. நான் சாஜிதா ஆன்ட்டி வீட்லதான் தங்கியிருந்தேன். ஒருநாள்கூட வலிக்கல."

சின்னதுரைக்குத் தலை சுற்றியது. விஷம் இருப்பதாகச் சொன்ன வீட்டில் பெண் நன்றாக இருந்திருக்கிறாள்.

அடுத்த வாசலில் நின்ற சாஜிதாவின் கண்கள் அழுது சிவந்திருந்தன. "அவளுக்குன்னு தனிச் சட்டி வெச்சிருக்கேங்க. சோறு, கறிக்குழம்பு, முட்டை. வாசனைக்குப் பூண்டும் பட்டையும் போடுவேன், அவ்ளோதான்."

"நீங்களும் கொஞ்சம் வாங்கம்மா" என்றார் அறிவுச்செல்வன்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் சமையலறைக்குள் போய், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி திரும்பி வந்தார்.

"ரத்தம் சொல்றது உண்மைதான். கோதுமை உள்ள போயிருக்கு. ஆனா யார் கையால போச்சுன்னு ரத்தம் சொல்லாது. சாஜிதாம்மா வீட்ல தங்கினப்ப இவ நல்லா இருந்தா. அங்க போறத நிறுத்தின பிறகும் வலி தீந்ததா?"

"இல்லீங்க. அதிகந்தான் ஆச்சு" என்றாள் பிரபாவதி.

"அப்ப கோதுமை இந்த வீட்லதான் இருக்கு. அங்க இல்லாதது, இங்க தினமும் இருக்கறது, வயிறு கெட்டதுலேர்ந்து அளவு கூடினது. மூணுக்கும் பொருந்தற பொருள் ஒண்ணுதான்." கையை முன்னால் நீட்டினார். பெருங்காய டப்பா.

"கடையில விக்கற பெருங்காயம் வெறும் பிசின் இல்லம்மா. மாவு கலந்துதான் வரும். நிறைய டப்பாவுல அது கோதுமை மாவு. ரசத்துல போடற சிட்டிகை யார் கண்ணுலயும் படாது. நீங்க ஸ்பூன் ஸ்பூனா குடுத்திருக்கீங்க. இதுல என்ன மாவுன்னு படி, சின்னதுரை."

சின்னதுரை டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தான். "கோதுமை மாவுதான் சார்."

நோய் ஏறிய காரணம் பிடிபட்டுவிட்டது, இனி இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்ற சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. பிரபாவதியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானா குடுத்தேன்? வலிக்குதும்மான்னு அழுவும்போதெல்லாம், நான் இன்னும் கொஞ்சம் போட்டு..."

சாஜிதா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க? விடுங்கக்கா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா நான் தெரிஞ்சே குடுப்பேன்னு நெனச்சுட்டீங்களேக்கா."