கத்தாத அலாரம்

அந்தப் பெண் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. தோள்பையைத் திறந்து, முட்டையைவிடக் கொஞ்சம் சின்னதான சாம்பல் நிறப் பொருள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது ஏன் கத்தலைன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தொலைந்த நகையைத் தேடியோ, கம்பி நீட்டிவிட்ட கூட்டாளியைத் தேடியோ வருவார்கள். கத்தாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது இவள்தான் முதல் ஆள். முந்திரி எழுந்து ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி, தெருச் சத்தத்தை வெளியே நிறுத்தினான்.

முந்திரி என்பது அவன் பெயரல்ல. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற முந்திரிக்கொட்டை என்று பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர், நாற்பதைத் தொட்ட பிறகும் உதிரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அவனுடைய அக்கா. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடங்கள் எரிந்துபோன கிடங்குகளில் சாம்பலைக் கிளறிக் காரணம் கண்டுபிடித்தவள். எதையும் ஆற அமரப் பார்ப்பாள். இப்போதும் அந்தப் பொருளைத் தொடாமல், வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

வந்தவள் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்பவள். விடியும்போதே ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், சாப்பிடாமல் காத்திருக்கும் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வருவாள். முன்பின் தெரியாத வீடுகள், முன்பின் தெரியாத படிக்கட்டுகள். அதனால்தான் இந்தப் பாதுகாப்பு அலாரம். அதைத் தேர்ந்தெடுக்கவே அவள் நாலைந்து கடை ஏறி இறங்கியிருக்கிறாள். பட்டனை அமுக்கும் வகை பைக்குள் எதிலாவது அழுந்திக் கண்ட நேரத்தில் அலறியது. செல்போனில் இயங்கும் வகை கையுறை போட்ட விரலுக்கு மசியவில்லை. கடைசியில் பின்னை இழுத்தால் கத்துகிற இந்த வகைக்கு வந்து சேர்ந்தாள். கையுறையோடும் இழுக்க வசதியாக, பின்னில் ஒரு நாடா வளையத்தைக் கட்டிப் பெட்டியின் தோள்வாரில் மாட்டிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மொட்டைமாடியில் ஒரு நொடி இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னை உடனே சொருகிவிடுவாள்.

போன ஞாயிறும் அது கத்தியது. புதன்கிழமை, அம்மாவுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்த ஒருவனின் வீட்டுக்குப் போனாள். உள்ளே அம்மா என்று யாரும் இல்லை. அவளுக்குப் பின்னால் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. அவள் பின்னை இழுத்தாள். ஒரு முனகல்கூட வரவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கி ஜன்னல் கண்ணாடிமேல் வீசியதில் எதிர்வீட்டார் எட்டிப் பார்க்க, அவன் கதவைத் திறந்துவிட்டான். இப்போது அவன் போலீஸ் கையில் இருக்கிறான்.

"அவனைப் பத்தி நான் கேட்க வரலை" என்றாள். "ஞாயித்துக்கிழமை கத்தினது புதன்கிழமை கத்தலை. நடுவுல என் கண்ணுக்கு மறைவா பெட்டி ரெண்டே இடத்துலதான் இருந்துச்சு. ஒண்ணு லேப், இன்னொண்ணு என் வீடு. ரெண்டு இடத்துலயும் எனக்கு வேண்டியவங்கதான் இருக்காங்க. இனிமே நான் யாரை நம்பறதுன்னு தெரியலை."

வேண்டியவர்கள் யார் யார் என்று அக்கா கேட்டாள். லேபில் ஒரு தோழி. எந்த வீட்டுக்கு யார் போவது என்று பிரித்துக் கொடுப்பவள். வீட்டில் அண்ணனும் அண்ணியும். அண்ணி வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள். வெளியே போவது அபூர்வம். அலாரம் வாங்கிய அன்று ஒரே நிறத்தில் மூன்றாக வாங்கி, தோழிக்கு ஒன்றும் அண்ணிக்கு ஒன்றும் கொடுத்திருந்தாள்.

முந்திரியின் முகம் மலர்ந்தது. வீட்டைப் பிரித்துக் கொடுத்தவளே அலாரத்தையும் ஊமையாக்கியிருக்கிறாள், அந்த வீட்டுக்காரனும் தோழியும் கூட்டு என்று அவன் ஒரு காகிதத்தில் கிறுக்கி அக்காவிடம் நீட்டினான். அக்கா அதன்மேல் தம்ளரை வைத்தாள்.

பிறகு சின்ன திருப்புளியால் அலாரத்தைத் திறந்தாள். உள்ளே பேட்டரிகள் துருப்பிடித்துக் கிடந்தன. மூலைகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அக்கா அதை நகத்தால் சுரண்டி முகர்ந்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினாள். துணி சோப்புத்தூள் வாசனை. பின் செருகும் துளைக்குள்ளும் அதே வெள்ளை. ஆனால் பின் மட்டும் புதுக்காசுபோல் மின்னியது. கடைசியாக நாடா வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதை நீங்க எப்படிக் கட்டினீங்க?"

"சும்மா ரெண்டு முடிச்சுப் போட்டேன்" என்றாள் அவள்.

அதில் முடிச்சே இல்லை. நாடாவின் இரண்டு நுனியும் உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத பொடித் தையலால் மூடப்பட்டிருந்தன.

மறுநாள் இருவரும் லேபுக்குப் போனார்கள். தோழி இவர்களைப் பார்த்ததுமே கண் கலங்கினாள். அந்த வீட்டுக்கு அவளை அனுப்பியது நான்தான், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்றாள். அவளுடைய அலாரம் சாவிக்கொத்தில் தொங்கியது. முந்திரி ஆசையை அடக்க முடியாமல் அதன் பின்னை இழுத்துவிட்டான். காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் பதறிப் பொத்தினான், சட்டைக்குள் திணித்தான், எதற்கும் அது அடங்கவில்லை. அக்கா அவன் விரலிடுக்கிலிருந்த பின்னை வாங்கிச் சொருகினாள். சத்தம் வெட்டினாற்போல் நின்றது.

"பார்த்துக்கிட்டியா?" என்றாள். எதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று முந்திரிக்குப் புரியவில்லை.

மாலையில், அலாரம் கொண்டுவந்தவளின் சிநேகிதர்கள் என்று சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். ஒரு மரப்பட்டறைக்கு மேல்மாடி. கீழே ரம்பம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அண்ணன் தன்மையான மனிதன். தங்கச்சிக்கு நேர்ந்ததைச் சொல்லி வருந்தினான், வேலையை விட்டுவிடச் சொன்னதாகவும் சொன்னான். அண்ணியிடம் அக்கா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவனே பதில் சொன்னான். சீருடை வேலை எப்படிப் போகிறது என்றதற்கும் அவன்தான் சொன்னான். அண்ணி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி, முழுக்கை ரவிக்கையின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். தங்கையின் அலாரத்தைத் தான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்றான் அண்ணன்.

"மாடியில அவ சோதிச்சுப் பார்க்கறப்போ காதுல விழும், அவ்வளவுதான். சனியன், கத்த ஆரம்பிச்சா லேசுல நிக்காது" என்று சிரித்தான்.

பேச்சு வளர்ந்தபோது அவன் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனான். அக்கா குரலைத் தாழ்த்தி, உங்களுக்கும் ஒன்று கொடுத்தாளாமே, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"தலகாணிக்கு அடியில" என்றாள் அண்ணி. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதைக் கொண்டுவரச் சொல்லி அக்கா கேட்பாள் என்று முந்திரி காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. அண்ணன் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தாள், நன்றி சொன்னாள், எழுந்துவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் அவன் பொரிந்து தள்ளினான். தையல் அண்ணியுடையது என்று தெரிந்துவிட்டது, அலாரத்தை எடுத்துவரச் சொல்லியிருந்தால் குட்டு அங்கேயே உடைந்திருக்கும், நாளைக்கே தோழியையும் வரவழைத்து எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாம் என்றான்.

"எல்லாரையும் கூட்டி வச்சுக் கேட்டா, அப்புறம் அந்த அண்ணி அதே வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும்?" என்றாள் அக்கா.

முந்திரி நடையை நிறுத்தினான். அக்கா நிறுத்தவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்.

"அந்தத் துளைக்குள்ள ரெண்டு தகடு இருக்கு. பின் உள்ள இருந்தா அதுங்களைப் பிரிச்சு வைக்கும். வெளிய வந்தா ஒட்டிக்கும், மணி கத்தும். துளைக்குள்ள சோப்பு காய்ஞ்சு கிடக்கு, பின்னுல ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்படின்னா தண்ணிக்குள்ள போகும்போது பின் அதுல இல்லை. பின் இல்லைன்னா?"

"கத்திக்கிட்டு இருந்திருக்கு" என்றான் முந்திரி.

"கத்தறதை நிறுத்தணும்னா என்ன செய்யணும்? காலையில நீயே பார்த்தே."

"பின்னைச் சொருகினாப் போதும்."

"அதைச் செய்யாம ஒருத்தர் துணி ஊறுற பக்கெட்ல அமுக்கியிருக்காரு. ஏன்னா, பின் அவர்கிட்ட இல்லை. அது இன்னொருத்தர் கையில இருந்துச்சு. அவங்க குடுக்கலை. இழுத்தது ஒருத்தர், அமுக்கினது ஒருத்தர். ஆக, இது நம்மகிட்ட வந்த பொண்ணோட அலாரமே இல்லை. இது ஏற்கெனவே ஒரு ஆபத்துல கத்தி, கத்திச் செத்துப்போன அலாரம். மாத்தி வச்சிருக்காங்க. தோழியோடது உயிரோட இருக்கு. மிச்சம் யாரு?"

"அண்ணி" என்றான் முந்திரி. மாடியில் ஒரு நொடிச் சோதனையை மட்டும் கேட்டவனுக்கு அது லேசில் நிற்காது என்று எப்படித் தெரியும்? ரோட்டில் போகும்போது வேண்டும் என்று வாங்கிய அலாரத்தை வீட்டைவிட்டே போகாத ஒருத்தி ஏன் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும்? கேட்டது அத்தனையும் அவன் காதிலும்தான் விழுந்திருந்தது.

"அது பக்கெட்டோட ஒழிஞ்சுதுன்னு அவன் நினைச்சுக்கிட்டிருக்கான்" என்றாள் அக்கா. "அவகிட்ட உயிரோட ஒண்ணு இருக்குன்னு அவனுக்குத் தெரியக் கூடாது. அதான் கேட்கலை."

இதை வந்தவளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் அக்கா எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவள் முதலில் இல்லவே இல்லை என்றாள். அண்ணன் தன்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்றாள். தான் விடிவதற்குள் கிளம்பி மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவதையும், திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தபோது குளியலறைத் தரை முழுக்க சோப்புத் தண்ணீராக இருந்ததையும், பக்கெட் கவிழ்ந்துவிட்டது என்று அண்ணி சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். அவளை என்ன செய்யச் சொல்லலாம் என்று முந்திரிக்கு நாலு யோசனை தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலையும் விழுங்கிக்கொண்டான்.

அவளே ஒரு வழி சொன்னாள். அண்ணிக்குக் கொஞ்ச நாளாகவே சோர்வு. தைராய்டு பார்க்க வேண்டும் என்று லேபுக்கு அழைத்துவந்தால் அண்ணன் தடுக்கமாட்டான். அப்படியே நடந்தது.

ரத்தம் எடுக்கும் அறையில் அக்காவையும் முந்திரியையும் சேர்த்து நான்கு பேர் மட்டும் இருந்தார்கள். ஊசியும் குழாயும் தட்டில் தயாராக இருந்தன. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னபோது ஏற்றவில்லை. நாத்தனார் அவள் முன்னால் மண்டியிட்டு, கைவிளிம்பை மெல்ல மடித்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே, பிடித்து முறுக்கிய விரல்களின் தடம் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. முந்திரி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணி அழவில்லை. நடந்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். திங்கட்கிழமை அவன் கை ஓங்கியபோது அவள் பின்னை இழுத்தாள். ரம்பச் சத்தத்தில் கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. பின்னைக் கொடு என்று கையை முறுக்கினான். அவள் விரலைத் திறக்கவில்லை. கடைசியில் அலாரத்தைப் பக்கெட்டில் அமுக்கி, அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே, நாத்தனார் தூங்கும்போது அலாரத்தை மாற்றிவைத்தாள். அது காணாமல்போனால் தேடுவாளே என்று செத்ததை அதே வாரில் மாட்டினாள். பழைய முடிச்சு பிரிய மறுத்ததால் வெட்டி எடுத்து, வளையத்தைத் தைத்துவைத்தாள். ஒரு நாள், இரண்டு நாள், வெளியே போக விட்டதும் புதிதாக வாங்கி மாற்றிவிடலாம் என்று இருந்தாள். அதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது.

"உன்னை அந்த நிலைமையில விட்டது நான்தான்" என்றாள். "அந்த ராத்திரியிலேர்ந்து உன் முகத்தைப் பார்க்க முடியலை."

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே அண்ணி."

"கேட்டா, எதுக்குன்னு நீ கேட்டிருப்பே."

நாத்தனார் மடித்த கையைக் கீழே இறக்கிவிட்டு, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். தான் கோபப்படத்தான் வந்ததாகவும், இப்போது அந்தக் கோபம் அண்ணன்மேல் திரும்பிவிட்டதாகவும் சொன்னாள்.

அக்கா ஒரு போன் செய்தாள். பழைய வேலையில் பழக்கமான பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் நேரிலேயே வந்து அண்ணியின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். தோழி தன் வீட்டு மாடி அறை காலியாக இருப்பதாகச் சொன்னாள். துணிமணிகளையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று, வெயில் இறங்குவதற்கு முன்பே எல்லோரும் மரப்பட்டறை மாடிக்குப் போனார்கள்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் அண்ணன் வழிவிட்டு நின்றான். அவன் குரல் உயரவில்லை. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டாயே என்று மனைவியிடம் சொன்னான். அவள் அவனைத் தாண்டிப்போய்த் துணிகளை மூட்டை கட்டினாள். மெஷினின் ஒரு பக்கத்தை முந்திரி பிடித்தான். அவன் தனியாகத் தூக்க முடியாமல் தடுமாறியபோது, அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"அவ போறா, போகட்டும். நீ உள்ள வா" என்றான்.

அவள் ஒரு நிமிடம் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து, மெஷினின் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

"படி குறுகலா இருக்கு, பார்த்து" என்று முந்திரியிடம் சொல்லிவிட்டு, அவள் முதலில் இறங்கினாள்.