ஒன்பதாவது தோட்டா

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டோலஃப்சன் வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர். வீட்டுக்கு உரியவரான ஹில்மா டோலஃப்சன், வயது எழுபத்தேழு. அவருடைய இளைய மகன் ஓரின். ஆறு வருடங்களுக்கு முன் இறந்துபோன மூத்த மகன் நெல்ஸின் மனைவி ரெட்டா. விருந்துக்கு வந்திருந்த பாஸ்டர் எல்வுட். ஐந்தாவது ஆள் கிடையாது. அங்கே இருந்து கண்ணால் பார்த்ததாக ஊரில் வேறு யார் சொன்னாலும், அவர்கள் அங்கே இருந்தவர்கள் அல்ல.

நான்கு பேரில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஓரினும் ரெட்டாவும். இரண்டும் ஒரே ரகக் கைத்துப்பாக்கி. ஹில்மாவின் கணவர் ஒரே நாளில் வாங்கி மகன்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தவை. நெல்ஸுடையது இப்போது ரெட்டாவின் இடுப்பில். அளவு, நிறம், தோல் உறை எல்லாம் ஒன்றே. வேறுபாடு வைத்துக்கொள்ளும் முறையில்தான் இருந்தது. ஓரின் கைப்பிடிக்குள் செருகும் மேகஸினில் எட்டுத் தோட்டா போட்டு, குழலின் பின்வாயான சேம்பரைக் காலியாக வைத்திருப்பான். சுட வேண்டுமென்றால் முதலில் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்ற வேண்டும். ரெட்டாவோ எட்டுக்கு மேல் ஒன்பதாவதாக ஒன்றைச் சேம்பரிலேயே ஏற்றி வைத்திருப்பாள்.

அந்த ஒன்பதாவது தோட்டாதான் ஊர் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஹில்மா தன் டிரக்கை ஏமஸ் டீகார்டனின் வாசலில் நிறுத்தினார். ஏமஸ் முப்பது வருடம் மாட்டு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுத் தோலில் பழைய சூட்டின் மேல் புதிய சூடு போட்டுத் திருடியிருந்தால், முடி வளர்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருடைய சமையலறையில் ஃபே ரஸ்கின் உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்; காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் அங்கே வந்து காபி குடிப்பதும், ஏமஸ் எடுத்துக்கொள்ளும் வழக்குகளில் மூக்கை நுழைப்பதும் அவள் வழக்கம்.

ஹில்மா கோட்டைக் கழற்றாமல், நாற்காலியின் முதுகில் சாயாமல் நேராக உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சாப்பாட்டின்போது துப்பாக்கிகளைக் கழற்றி, வெளியிலிருந்து வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றி வைக்கும் பூட்ஸ் அறையில், பெஞ்சின் மேல் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். அப்படித்தான் வைத்தார்கள். சாப்பிடும்போது பாஸ்டர் ஏதோ கேட்கப்போக, சேம்பரில் தோட்டா வைக்கலாமா கூடாதா என்று ஓரினும் ரெட்டாவும் வழக்கம்போல முட்டிக்கொண்டார்கள். பிறகு ஓரின் பட்டியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து வருவதாக எழுந்து போனான். ரெட்டா இனிப்புக்குச் செய்திருந்த ஆப்பிள் பையை நறுக்கச் சமையலறைக்குப் போனாள். ஹில்மா பாஸ்டருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது வெடித்தது. குண்டு பூட்ஸ் அறைச் சுவரைத் துளைத்து, பாஸ்டரின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் பாய்ந்து, அலமாரியிலிருந்த கல்யாணத் தட்டுகளை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"போய்ப் பார்த்தா ரெட்டாவோட துப்பாக்கி. பெட்டியில, உறைக்குள்ள இருக்கு. கருமருந்து வாடை அடிக்குது," என்றார் ஹில்மா. "அவளே எடுத்து எங்க முன்னாடி பிரிச்சா. சேம்பர்ல ஒண்ணு, மேகஸின்ல ஏழு."

"வெடிச்சதும் அடுத்தது ஏறிடுச்சு. ஒன்பதுல ஒண்ணு போயாச்சு," என்றார் ஏமஸ். "ஓரினோடது?"

"எட்டும் அப்படியே இருந்துச்சு. சேம்பர் காலி."

சேம்பரில் தோட்டா இருந்ததால் அது தானாக வெடித்துவிட்டது என்று ஊரே பேசியது. புதன்கிழமை சபைக் குழு கூடி, ஞாயிறு ஆராதனையில் ரெட்டா துப்பாக்கியோடு நின்று பார்த்துவந்த வாசல் காவலிலிருந்து அவளை எடுத்துவிடப் போகிறார்களாம். அந்த வாசலில் முதலில் ஹில்மாவின் கணவர் நின்றார், பிறகு நெல்ஸ், அவனுக்குப் பின் ரெட்டா. ரெட்டா வாயைத் திறக்கவில்லை. என் துப்பாக்கி, நான் பதில் சொல்கிறேன் என்றதோடு சரி.

"எங்க வீட்டு ஆளை அந்த வாசல்லேருந்து யாரும் எறக்கினதில்ல, ஏமஸ்," என்றார் ஹில்மா.

ஃபே இலவங்கப்பட்டை ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "அண்ணே, எலியா இருக்கும். பெட்டிக்குள்ள பூந்து வாலு ட்ரிகர்ல மாட்டியிருக்கும்."

"அவ்வளவு பெரிய எலின்னா நான் அதுக்கு முத்திரை குத்தியிருப்பேன்," என்ற ஏமஸ், ஹில்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, வெடிச்ச உடனே யாரு முதல்ல வந்தா?"

"ரெட்டா சமையலறையிலேருந்து வந்தா, கையில கத்தியோட. ஓரின் பட்டியிலேருந்து ஓடி வந்தான்." ஹில்மாவின் தலை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "அந்தக் களேபரத்துலயும் காலுறையோடதான் உள்ள வந்தான். என் தரையில ஒரு பொட்டு சகதி இல்ல. நான் வளர்த்த பிள்ளைங்க அப்படி."

ஏமஸ் காபிக் கோப்பையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மொன்டானாவின் மார்ச் மாதச் சகதி டிரக்கின் கதவுவரை அப்பியிருந்தது. ஹில்மாவின் பூட்ஸ் அறையில் ஏமஸ் அரை மணி நேரம் இருந்தார். சுவரிலிருந்த ஓட்டையின் முன் நின்று பார்த்தார்; அது அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேராக இருந்தது. சாப்பாட்டு அறைக்குப் போய் அலமாரியில் குண்டு பாய்ந்த இடத்தையும் பார்த்தார். அதுவும் இரண்டாவது பொத்தான்தான். தகரப் பெட்டி இருந்த பெஞ்ச் அவர் முழங்கால் உயரம். ரெட்டாவின் தோல் உறையை வாங்கி, அடிவரை விரலால் தடவிப் பார்த்தார். அடி தைத்து மூடிய உறை. கிழிசலோ கருகலோ இல்லை. ஃபே மண்டியிட்டுப் பூட்ஸ் அடுக்கின் அடியில் துழாவி, பித்தளையில் ஒரு காலித் தோட்டாக் கூட்டை எடுத்து நீட்டினாள். பெட்டியிலிருந்து அது எட்டடி தூரம்.

"எலி இதைத் தூக்கி எறியுமாண்ணே?" என்றாள், தன் கட்சியைத் தானே கைவிடும் குரலில்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான்கு பேரையும் அதே மேஜையில், அதே இடங்களில் உட்காரச் சொன்னார் ஏமஸ். ஃபே கதவருகில் நின்றாள். ஹில்மா அலமாரியைப் பார்க்காமல் நேர் எதிரே பார்த்தபடி உட்கார்ந்தார். எப்படியும் வெளியாள் ஒருவனுடைய வேலையாகத்தான் இது முடியும் என்று அவர் மனம் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று நடந்த வாக்குவாதத்தை மறுபடி சொல்லும்படி ஏமஸ் கேட்டார். ஓரின் தயங்காமல் சொன்னான். மனிதன் தவறு செய்கிறவன். ஸ்லைடை இழுக்கிற அந்த ஒரு நொடி அவனுக்கு யோசிக்கக் கிடைக்கும் நொடி. தூக்கக் கலக்கத்திலும் கோபத்திலும் அதுதான் அவனைக் காப்பாற்றும் என்பது அவன் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது என்று ஏமஸ் தலையசைத்தார்.

ரெட்டா சுருக்கமாகச் சொன்னாள். மூன்று வருடங்களுக்கு முன் முள்வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கம்பி சுருண்டு அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் மேட்டிலிருந்து மலைச்சிங்கம் ஒன்று இறங்கி வந்தது.

"ஸ்லைட இழுக்க ரெண்டு கை வேணும். எனக்கு ஒரு கைதான் இருந்துச்சு," என்றாள். "அன்னைக்கு சேம்பர் காலியா இருந்திருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சே இல்ல."

"அண்ணி அதையே ஆயிரம் தடவ சொல்வாங்க," என்றான் ஓரின். "ஆனா நடந்தது என்ன? அவங்களோடது வெடிச்சுது. என்னோடதா இருந்தா, ட்ரிகர அமுக்கினாக்கூட டிக்குனு ஒரு சத்தம் வந்திருக்கும், அவ்வளவுதான்."

ஏமஸ் அவனைப் பார்த்தார். "அமுக்கினதா யாருப்பா சொன்னா?"

ஓரின் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினான்.

"ரெண்டு நாளா ஊரே தானா வெடிச்சுதுங்குது. பாஸ்டர் அப்படித்தான் சொன்னாரு. உங்க அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. அமுக்கிறதுங்கிற வார்த்த இந்த வீட்டுல உன் வாயிலேருந்துதான் முதல்ல வருது."

பிறகு அவர் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உறைக்குள் வெடித்திருந்தால் குண்டு உறையின் அடியைக் கிழித்திருக்க வேண்டும், கிழியவில்லை. காலிக் கூடும் உள்ளேயே சிக்கியிருக்கும். ஆனால் எட்டடி தள்ளிக் கிடந்தது. முழங்கால் உயரப் பெட்டியில் கிடக்கும் துப்பாக்கி, நெஞ்சு உயரத்தில் மட்டமாகச் சுடாது. ஆக, யாரோ ஒருவர் உறையிலிருந்து உருவி, நின்றபடி, சுவரைப் பார்த்து நீட்டியிருக்கிறார். மேஜையில் இருந்த இருவரும் ஒருவருக்கொருவர் சாட்சி. ரெட்டா கத்தியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"அவளே சுட்டுட்டுக் கத்தியத் தூக்கிட்டு வந்திருக்கலாமே?" என்றார் பாஸ்டர், கேட்க விரும்பாமல் கேட்பவரைப் போல.

"வந்திருக்கலாம். ஆனா அவளுக்குத் தன் துப்பாக்கில தோட்டா இருக்குன்னு தெரியும். தெரிஞ்சு இந்தச் சுவர் பக்கம் நீட்ட மாட்டா; இதுக்கு அந்தப்புறம் அவ அத்தை உட்கார்ந்திருக்காங்க. இதை அமுக்கினவன், உள்ள ஒண்ணுமே இல்லன்னு சத்தியமா நம்பினவன்." ஏமஸ் கொஞ்சம் நிறுத்தினார். அடுத்ததைச் சொல்லும்போது ஓரினைப் பார்க்கவில்லை, ஹில்மாவைப் பார்த்தார். "பட்டியிலேருந்து ஓடி வந்தவன் கயிறு கட்டின பூட்ஸோடதான் வருவான், அக்கா. அதை அவிழ்க்க ஒரு நிமிஷம் ஆகும். காலுறையோட வந்தவன் ஏற்கெனவே உள்ள இருந்தவன்."

ஹில்மாவுக்குக் காதுகள் எரிந்தன. தன் வாயால் பெருமையாகச் சொன்ன வார்த்தை, இப்போது தன் மகனைச் சுற்றிப் போட்ட கயிறாகத் தெரிந்தது. அவர் முதுகு மட்டும் வளையவில்லை.

ஓரின் மேஜை விரிப்பைப் பார்த்தபடி பேசினான். பட்டிக்குப் போகவே இல்லை. தன் துப்பாக்கியை மேஜைக்குக் கொண்டுவந்து, விசையை அழுத்தி, டிக் என்ற சத்தத்தைப் பாஸ்டருக்குக் கேட்கவைத்து அண்ணியின் வாயை அடைக்க நினைத்தான். முதலில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சுவரை நோக்கி அழுத்தினான். எடுத்தது அண்ணியின் துப்பாக்கி என்பது வெடித்த பிறகுதான் தெரிந்தது. கை தானாகவே அதை உறைக்குள் திருப்பி வைத்துவிட்டது.

"தெறந்து பார்க்கலியாப்பா?" என்றாள் ஃபே.

"என்னோடதுல எப்பவுமே இருக்காதே," என்றான்.

ஏமஸ் ரெட்டாவிடம் திரும்பினார். "உனக்கு எப்போம்மா தெரியும்?"

"அப்பவே. உறைப் பட்டைய நான் பொத்தான் போட்டுத்தான் வைப்பேன். பார்த்தப்போ திறந்து கிடந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

ரெட்டா தோளைக் குலுக்கினாள். "என் பேரு கெட்டா ஒரு வாசல் போகும். நெல்ஸும் போயிட்டான், அத்தைக்கு மிச்சம் இருக்கறது ஒரு பிள்ளை."

இருபத்திரண்டு வருடங்களாக இந்த வீட்டில் வந்து போகிற மருமகளை, ஹில்மா அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். வளையாத டோலஃப்சன் முதுகு என்று அவர் சொல்லிக்கொள்வதெல்லாம் ரத்தத்தில் வருவது என்றே இதுநாள்வரை நம்பியிருந்தார். இதோ, எங்கோ பிறந்த ஒருத்தி அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அப்படியானால் எப்படி வைத்துக்கொள்வதுதான் சரி, ஏற்றியா ஏற்றாமலா என்று பாஸ்டர் மெல்லக் கேட்டார்.

"அது அவங்கவங்க பழக்கம், அவங்கவங்க கை," என்றார் ஏமஸ். "நான் பார்த்தது இவ்வளவுதான். ரெட்டா ஒவ்வொரு தடவையும் இது வெடிக்கும்னு நினைச்சுத் தொடுறா. ஓரின் வெடிக்கவே வெடிக்காதுன்னு நினைச்சுத் தொட்டான்."

ஹில்மா எழுந்தார். "புதன்கிழமை குழு கூடுது, ஓரின். நீயே போய்ச் சொல்லிடு. இந்தத் தடவ பூட்ஸ போட்டுக்கிட்டே உள்ள போ."

அவன் போனான், சொன்னான். அதை அவன் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். ரெட்டாவின் பெயரைக் குழு வாசல் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, சபையின் கீழ்த்தளத்தில் காபிக்கு நின்றபோது, தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்மணி ஹில்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டின் மேலே வாசலருகில் ரெட்டா நின்றது அங்கிருந்தே தெரிந்தது. ஊர் முழுக்க ஓரினைப் பற்றித்தான் பேச்சு என்றாள் அந்தப் பெண்மணி. அண்ணியின் துப்பாக்கி தானாக வெடித்துவிட, அவளைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டானாமே. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று கண்கலங்கினாள். சுற்றி நின்ற நான்கைந்து பேர் தலையசைத்தார்கள். அதை அப்படியே விட்டுவிட்டால் டோலஃப்சன் பெயர் முன்னைவிடப் பளபளப்பாக இருந்திருக்கும்.

ஹில்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"தப்பு," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அது தானா வெடிக்கல. என் மகன் அமுக்கினான். பழியச் சுமந்தது என் மருமக."